காற்றைக் கழுவிய மனிதர்

துணியைக் கழுவலாம். பாத்திரத்தைக் கழுவலாம். காற்றைக் கழுவ முடியுமா?

முடியும் என்று காட்டினார் ஒருவர். அவர் பெயர் வில்லிஸ் கேரியர். அமெரிக்காவைச் சேர்ந்த என்ஜினீயர். ஏ.சி. என்று நாம் சொல்லும் குளிர்சாதன எந்திரத்தின் தந்தை அவர்தான்.

வெயிலுக்குப் பயந்து, அறையைக் குளிர வைப்பதற்காக அவர் அதைக் கண்டுபிடித்தார் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், முதலில் அவர் காற்றில் உள்ள ஈரத்தை அடக்கினார். அடுத்து, காற்றில் உள்ள தூசியைக் கழுவினார். மனிதர்களின் சுகம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அவருடைய கதையைத் தெரிந்துகொண்டால் இன்னொன்றும் விளங்கும். நம் வீட்டு எந்திரத்துக்குள் ஒரு சிறிய வலை இருக்கிறதே, அதை ஏன் அடிக்கடி கழுவ வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

ஏரிக்கரைப் பண்ணை

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஓரத்தில் ஈரி என்ற பெரிய ஏரி இருக்கிறது. அதன் கரையை ஒட்டிய சிற்றூர் அங்கோலா. அந்த ஊருக்குப் பக்கத்தில், ஒரு பண்ணை வீட்டில், 1876-ம் ஆண்டு நவம்பர் மாதம் 26-ந் தேதி வில்லிஸ் பிறந்தான்.

தந்தை டுவேன் கேரியர் ஒரு விவசாயி. தாயார் பெயர் எலிசபெத். வில்லிஸ் அவர்களுக்கு ஒரே பிள்ளை. வீட்டில் மற்றவர்கள் எல்லாம் வயதானவர்கள். கூட விளையாட அண்ணன் தம்பி இல்லை.

தாயார் கெட்டிக்காரப் பெண்மணி. கடிகாரம் நின்று போனால் பிரித்துப் பார்த்துச் சரி செய்வார். தையல் மிஷின் தகராறு செய்தால் அதையும் சரி செய்வார். வீட்டில் எந்தப் பொருள் பழுதானாலும் அவர் கைக்குப் போனால் மறுபடி ஓடும்.

வில்லிசுக்குக் கணக்கில் ஒரு தொல்லை இருந்தது. பின்னக் கணக்கு அவனுக்குப் பிடிபடவில்லை. அரை, கால், அரைக்கால் என்றாலே திகைத்துப் போவான்.

தாயார் அவனைத் திட்டவில்லை. வீட்டின் அடியில் இருந்த நிலவறைக்குப் போய் ஆப்பிள் பழங்களை எடுத்து வரச் சொன்னார். பழத்தை இரண்டாக வெட்ட வைத்தார். பிறகு நான்காக, எட்டாக வெட்ட வைத்தார். அந்தத் துண்டுகளைச் சேர்த்துக் கூட்டச் சொன்னார். எடுத்து வைத்துக் கழிக்கச் சொன்னார்.

பையனுக்குக் கணக்கு விளங்கிவிட்டது. பெரிய விஷயத்தைச் சிறு சிறு துண்டாக வெட்டிப் பார்த்தால் பயம் போய்விடும் என்ற பாடமும் அவன் மனதில் பதிந்தது. பெரிய என்ஜினீயர் ஆன பிறகும் அந்த ஆப்பிள் பாடத்தை அவர் மறக்கவில்லை.

ஆனால் அந்தத் தாயார் நீண்ட நாள் இருக்கவில்லை. வில்லிசுக்கு 11 வயது ஆனபோது அவர் இறந்துவிட்டார்.

துணி வெளுத்த மாணவர்

1893-ம் ஆண்டு அமெரிக்காவில் பெரும் பண நெருக்கடி ஏற்பட்டது. விவசாயிகள் தவித்தார்கள். கல்லூரிக்குப் போக வேண்டும் என்று துடித்த வில்லிசின் கையில் பணம் இல்லை.

அவர் மனம் உடைந்து உட்காரவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக வேலை பார்த்தார். பிறகு பக்கத்தில் உள்ள பபலோ நகருக்குச் சென்று மேலும் படித்தார். 1897-ம் ஆண்டு அவருக்குப் படிப்பு உதவித்தொகை கிடைத்தது. புகழ் பெற்ற கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

உதவித்தொகை கிடைத்தாலும் சாப்பாட்டுக்குப் பணம் வேண்டுமே! வில்லிஸ் கூச்சப்படாமல் வேலை செய்தார். பணக்காரர்களின் வீட்டுத் தோட்டங்களில் புல் வெட்டினார். குளிர்காலத்தில் அடுப்புகளுக்குக் கரி போட்டார். விடுதியில் சாப்பாடு பரிமாறினார்.

கடைசி ஆண்டில் இன்னொரு வழியும் கண்டார். மாணவர்களின் அழுக்குத் துணிகளைச் சேகரித்து வெளுத்துத் தரும் கூட்டுறவு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அதில் வந்த வருமானம் செலவுக்கு உதவியது.

அன்று துணி வெளுக்க ஏற்பாடு செய்தவர், பிற்காலத்தில் காற்றையே வெளுக்கப் போகிறார் என்று யார் நினைத்திருப்பார்கள்?

வாரச் சம்பளம் 10 டாலர்

1901-ம் ஆண்டு கேரியர் என்ஜினீயர் பட்டம் பெற்றார். உடனே பபலோ நகரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. கம்பெனியின் பெயர் பபலோ போர்ஜ். சம்பளம் வாரத்துக்கு 10 டாலர்.

காற்று ஊதும் எந்திரங்களையும், சூடேற்றும் குழாய்களையும் அந்தக் கம்பெனி தயாரித்தது. மரத்தை உலர்த்துவதற்கும், காபிக் கொட்டையை உலர்த்துவதற்கும் அவை பயன்பட்டன.

புது வேலையில் சேர்ந்த கேரியருக்கு ஒரு குறை தென்பட்டது. இவ்வளவு காற்றுக்கு இவ்வளவு சூடு வேண்டும் என்ற சரியான கணக்கு யாரிடமும் இல்லை. எல்லோரும் குத்துமதிப்பாகவே வேலை செய்தார்கள். சந்தேகம் வந்தால் பெரிய எந்திரமாகப் போட்டுவிடுவார்கள். பணம் வீணாகும்.

கேரியர் தாமே சோதனைகள் நடத்தினார். அளந்தார். குறித்தார். அட்டவணை போட்டார். கம்பெனிக்குப் பணம் மிச்சமாயிற்று. ஆராய்ச்சி நடத்த அவருக்குத் தனி இடமே ஒதுக்கினார்கள்.

கலைந்து போன வண்ணப் படம்

1902-ம் ஆண்டு. நியூயார்க்கின் புருக்ளின் பகுதியில் சாக்கெட் வில்ஹெல்ம்ஸ் என்ற அச்சகம் இருந்தது. வண்ணப் படங்களுடன் பத்திரிகை அச்சிடும் இடம் அது. அங்கே ஒரு விபரீதம் நடந்துகொண்டிருந்தது.

வண்ணப் படத்தை ஒரே அடியில் அச்சிட முடியாது. முதலில் ஒரு நிறம். அது காய்ந்த பிறகு, அதே காகிதத்தின் மேல் அடுத்த நிறம். பிறகு இன்னொன்று. ஒவ்வொரு நிறமும் அதற்கு உரிய இடத்தில் மயிரிழை பிசகாமல் விழ வேண்டும்.

நம் ஊரில் மழைக்காலத்தில் அப்பளம் நமுத்துப் போகிறது. உப்பு கசிகிறது. மரக்கதவு உப்பி, மூட மறுக்கிறது. காற்றில் உள்ள ஈரத்தை அவை குடித்துவிடுவதே காரணம். காகிதமும் அப்படித்தான். ஈரக் காற்றில் விரியும். உலர்ந்த காற்றில் சுருங்கும்.

முதல் நிறம் அச்சாகும்போது ஒரு அளவில் இருந்த காகிதம், அடுத்த நிறம் அச்சாகும்போது சிறிது மாறி இருந்தது. சிவப்பு ஓர் இடத்தில் விழுந்தால் மஞ்சள் வேறு இடத்தில் விழுந்தது. படம் கலைந்தது. காகிதம் குப்பைக்குப் போனது. பத்திரிகை குறித்த நாளில் வெளிவரவில்லை.

அச்சகத்தார் பபலோ கம்பெனியை அணுகினார்கள். வேலை கேரியரிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 25. வேலையில் சேர்ந்து ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது.

காற்றில் உள்ள ஈரத்தை எப்படிப் பிடிப்பது? கேரியர் யோசித்தார்.

குளிர்ந்த தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றி வையுங்கள். சிறிது நேரத்தில் டம்ளரின் வெளிப்புறம் வியர்த்துவிடும். அந்த நீர் உள்ளே இருந்து கசிந்தது அல்ல. சுற்றி இருந்த காற்றின் ஈரம், குளிர்ந்த டம்ளரில் பட்டு நீராகிவிட்டது.

இந்த உண்மையைத்தான் கேரியர் பிடித்துக்கொண்டார். குழாய்களில் குளிர்ந்த நீரை ஓடவிட்டார். அவற்றின் மேல் விசிறியால் காற்றைச் செலுத்தினார். காற்றின் ஈரம் குழாய்களில் படிந்து சொட்டியது. உலர்ந்த காற்று அச்சகத்துக்குள் போனது.

அந்த அமைப்பின் வரைபடத்தில் 1902-ம் ஆண்டு ஜூலை மாதம் 17-ந் தேதி என்று போட்டிருக்கிறது. நவீன ஏ.சி.யின் பிறந்த நாள் என்று அந்தத் தேதியைச் சொல்கிறார்கள்.

அச்சகத்தின் காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 55 சதவீதம் இருக்க வேண்டும். அதுதான் குறிக்கோள். அந்த அமைப்பு தந்த குளிர்ச்சி, நாள் ஒன்றுக்குச் சுமார் 49 டன் பனிக்கட்டி உருகினால் கிடைக்கும் குளிர்ச்சிக்குச் சமம்.

ரெயில் நிலையத்தில் மூடுபனி

அத்துடன் கேரியரின் மனம் திருப்தி அடையவில்லை. இதைவிட எளிய வழி இருக்கும் என்று அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

அதே ஆண்டின் பிற்பகுதியில் ஒரு மாலை. பிட்ஸ்பர்க் ரெயில் நிலையத்தில் அவர் வண்டிக்காகக் காத்திருந்தார். எங்கும் மூடுபனி. எதிரே நிற்பது தெரியாத அளவுக்குப் பனி சூழ்ந்திருந்தது.

மற்றவர்கள் ரெயில் எப்போது வரும் என்று பார்த்தார்கள். கேரியர் பனியைப் பார்த்தார்!

மூடுபனி என்றால் என்ன? இதற்கு மேல் ஈரத்தைத் தாங்க முடியாது என்ற நிலைக்கு வந்துவிட்ட காற்று. குளிர்ந்த காற்று கொஞ்சம் ஈரத்தைத்தான் தாங்கும். சூடான காற்று நிறைய ஈரத்தைத் தாங்கும். அப்படியானால், செயற்கையாகப் பனியை உண்டாக்கி, அதன் குளிர்ச்சியை நம் இஷ்டப்படி வைத்தால், காற்றில் எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும் என்பதையும் நாமே தீர்மானிக்கலாம் அல்லவா?

தண்ணீரைத் தெளித்துக் காற்றை உலர்த்துவது! கேட்பவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனால் அறிவியல் அதை ஒப்புக்கொண்டது. தெளிக்கிற தண்ணீர் போதிய அளவு குளிர்ந்திருந்தால், காற்றின் ஈரம் அந்தத் துளிகளோடு சேர்ந்துவிடும்.

தண்ணீரை மெல்லிய தூவலாக்க வேண்டும். அதற்குப் பூச்சிமருந்து தெளிக்கும் குழாய் முனையைக் கேரியர் எடுத்துச் சோதித்தார்.

அந்தத் தூவலுக்குள் காற்று நுழைந்தது. ஈரம் ஓர் அளவுக்கு வந்தது. கூடவே இன்னொரு நன்மையும் கிடைத்தது. காற்றோடு வந்த தூசி தண்ணீரில் நனைந்தது. அடுத்து, மடிப்பு மடிப்பாக நின்ற தகடுகளில் காற்று மோதி வளைந்து சென்றது. நீர்த்துளிகளும் நனைந்த தூசியும் அந்தத் தகடுகளில் ஒட்டிக்கொண்டன. மேலிருந்து வழிந்த தண்ணீர் அவற்றைக் கழுவிக்கொண்டு போனது. தூய காற்று மட்டும் வெளியே வந்தது.

காற்று குளித்துவிட்டு வந்தது!

இந்தக் கருவிக்கு 1906-ம் ஆண்டு ஜனவரி மாதம் 2-ந் தேதி அமெரிக்க அரசு காப்புரிமை வழங்கியது. அதற்கு முன்பே, 1904-ம் ஆண்டில், லாகிராஸ் என்ற ஊரில் உள்ள ஒரு பாங்கி இதை வாங்கியது. எதற்காகத் தெரியுமா? குளிர்ச்சிக்காக அல்ல. கட்டிடத்துக்குள் வரும் காற்றைச் சுத்தம் செய்வதற்காக!

அழுக்கைப் பிடிக்கும் கருவியிலேயே அழுக்கு சேரும். தொட்டித் தண்ணீரில் தூசி படியும். அதை எடுக்காவிட்டால் தூவும் முனைகளின் துளைகள் அடைபடும். ஆகவே தண்ணீரை வடிகட்ட வேண்டும். தொட்டியைக் கழுவ வேண்டும். காற்றைக் கழுவும் கருவியையும் யாராவது கழுவித்தான் ஆக வேண்டும். இன்று வரை இந்த விதி மாறவில்லை.

பஞ்சாலைக்குப் போனது

அடுத்து பஞ்சாலைகள் அழைத்தன. காற்று உலர்ந்துவிட்டால் நூல் அறுந்து போகும். எந்திரங்களின் சூட்டில் காற்று மேலும் உலரும். நூற்பாலையில் வேலை செய்தவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். 1906-ம் ஆண்டு வட கரோலினா மாநிலத்தில் பெல்மான்ட் என்ற ஊரில் உள்ள பஞ்சாலைக்குக் கேரியரின் கருவி போனது.

அதே 1906-ம் ஆண்டில், ஸ்டூவர்ட் கிராமர் என்ற பஞ்சாலை என்ஜினீயர் இந்தக் கலைக்கு ஏர் கண்டிஷனிங் என்று பெயர் வைத்தார். ஏ.சி. என்ற சொல் அதன் சுருக்கமே.

சூடு, ஈரம், குளிர்ச்சி ஆகியவற்றின் உறவைக் கேரியர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். 1911-ம் ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்க எந்திர என்ஜினீயர்கள் சங்கத்தில் தம் சூத்திரங்களை வெளியிட்டார். அவர் போட்ட வரைபடத்தின் வழியில்தான் உலகெங்கும் ஏ.சி. என்ஜினீயர்கள் கணக்குப் போட்டு வருகிறார்கள்.

பெட்டிக்குள் கைக்குட்டை

இவ்வளவு கணக்குப் போட்டவருக்குச் சொந்த வேலைகளில் மறதி அதிகம். ஒரு முறை பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியூர் போனார். அங்கே போய்த் திறந்து பார்த்தால், உள்ளே ஒரே ஒரு கைக்குட்டைதான் இருந்ததாம்!

வீட்டு வாழ்க்கையில் துயரம் அவரை விடவில்லை. 1902-ம் ஆண்டு மணந்த முதல் மனைவி கிளேர், 1912-ல் இறந்தார். மறு ஆண்டு ஜென்னியை மணந்தார். இருவரும் இரண்டு சிறுவர்களைத் தத்தெடுத்து வளர்த்தார்கள். 1939-ல் ஜென்னியும் மறைந்தார். 1941-ல் எலிசபெத் என்பவரை மணந்தார். அவருடைய தாயாரின் பெயரும் அதுதான்.

ஏழு பேர் சேர்ந்தார்கள்

1914-ம் ஆண்டு உலகப்போர் மூண்டது. பபலோ கம்பெனி செலவைக் குறைக்க நினைத்தது. ஏ.சி. ஆராய்ச்சி வேண்டாம் என்று முடிவு செய்தது.

கேரியரின் 12 ஆண்டு உழைப்பு வீணாகும் நிலை!

அவரும், அவருடைய நண்பர்களான ஆறு இளம் என்ஜினீயர்களும் கூடிப் பேசினார்கள். வேலையை உதறினார்கள். கையில் இருந்ததை எல்லாம் திரட்டினார்கள். சேர்ந்த தொகை 32 ஆயிரத்து 600 டாலர். 1915-ம் ஆண்டு ஜூன் மாதம் 26-ந் தேதி கேரியர் என்ஜினீயரிங் கம்பெனி பிறந்தது.

அந்தக் காலத்துக் குளிர்சாதன எந்திரங்கள் மிகப் பெரியவை. அவற்றில் அம்மோனியா என்ற வாயு ஓடியது. அது கசிந்தால் உயிருக்கு ஆபத்து. மக்கள் கூடும் இடத்தில் அதை வைக்க எல்லோரும் பயந்தார்கள். கேரியர் புது வகை எந்திரம் ஒன்றை உருவாக்கி, 1922-ம் ஆண்டு மே மாதம் நுவார்க் நகரில் இயக்கிக் காட்டினார். அது அளவில் சிறியது. ஆபத்தும் குறைவு.

1924-ம் ஆண்டு டெட்ராய்ட் நகரில் உள்ள ஹட்சன் கடை அதை வாங்கியது. மலிவு விற்பனை நாட்களில் அந்தக் கடையின் அடித்தளத்தில் கூட்டம் நெரியும். வெக்கையில் ஆட்கள் மயங்கி விழுவார்கள். எந்திரம் வந்த பிறகு மயக்கம் நின்றது. வியாபாரம் பெருகியது.

விசிறிகள் மடியில் விழுந்தன

1925-ம் ஆண்டு மே மாதக் கடைசி. நியூயார்க்கில் ரிவோலி என்ற சினிமா தியேட்டர். கோடை வந்தால் தியேட்டர்கள் காலியாகக் கிடந்த காலம் அது. குளிர்ந்த காற்றில் படம் பார்க்கலாம் என்று ரிவோலி விளம்பரம் செய்தது.

கூட்டம் திரண்டது. பலர் நம்பிக்கை இல்லாமல் கையில் விசிறியோடு வந்தார்கள். சினிமா உலகின் பெரும் புள்ளியான அடால்ப் சூக்கரும் மாடியில் உட்கார்ந்திருந்தார்.

எந்திரத்தை ஓடவிடத் தாமதமாகிவிட்டது. கதவு திறந்தபோது உள்ளே புழுக்கம். இரண்டாயிரம் விசிறிகள் அசைந்தால் எப்படி இருக்கும்? அப்படி அரங்கமே அசைந்தது. கேரியரின் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஏழு பேரின் உழைப்பும் அன்றைய ஒரு மாலையில் தொங்கிக்கொண்டிருந்தது.

மெல்ல மெல்லக் குளிர்ச்சி இறங்கியது. ஒரு விசிறி நின்றது. பிறகு பத்து நின்றன. பிறகு நூறு. கடைசியில் எல்லா விசிறிகளும் மடியில் விழுந்தன. மக்கள் படத்தில் மூழ்கினார்கள்.

கேரியர் வெற்றி பெற்றார். 1928-ம் ஆண்டு அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கும், 1929-ல் செனட் சபைக்கும் அவர் எந்திரம் போனது. வீடுகளுக்கான சிறிய எந்திரத்தையும் 1928-ல் அவர் கம்பெனி கொண்டுவந்தது.

ஆனால் 1929-ல் பெரும் பொருளாதார வீழ்ச்சி வந்தது. சாப்பாட்டுக்கே வழி இல்லாதபோது ஏ.சி. யார் வாங்குவார்கள்? கம்பெனி தள்ளாடியது. 1937-ம் ஆண்டு, பல ஊர்களில் சிதறி இருந்த தொழிற்கூடங்களை எல்லாம் சிராக்யூஸ் நகருக்குக் கொண்டுவந்து கேரியர் நிமிர்ந்து நின்றார்.

இரண்டாவது உலகப்போரின்போது அவருக்கு ஒரு கடினமான வேலை வந்தது. மிக உயரத்தில் விமான என்ஜின் எப்படி வேலை செய்யும் என்று தரையிலேயே சோதிக்க வேண்டும். அதற்குப் பயங்கரமான குளிர் காற்று தேவை. கிளீவ்லாந்து நகரின் சோதனைக் கூடத்துக்கு அந்தக் குளிரை உண்டாக்கித் தந்தார்.

1950-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 7-ந் தேதி வில்லிஸ் கேரியர் காலமானார். அப்போது அவருக்கு வயது 73. ஏ.சி. சாதாரண வீடுகளுக்குள் பெருவாரியாக நுழைந்தது அதற்குப் பிறகுதான். அந்தக் காட்சியைக் காண அவர் இல்லை.

நம் வீட்டு வலை

கேரியர் தண்ணீரால் கழுவிய காற்றை, இன்று நம் வீட்டு ஏ.சி. ஒரு வலையால் சலிக்கிறது. பில்டர் என்று சொல்கிறோமே, அதுதான். வலைக்குப் பின்னால் மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாக நிற்கின்றன. அவற்றின் ஊடே குளிர்ந்த குழாய் ஓடுகிறது. காற்றின் ஈரம் அங்கேதான் படிகிறது. 1902-ல் கேரியர் செய்த அதே வேலை!

வலை அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? காற்று குறையும். காற்று குறைந்தால் குழாய் மிகவும் குளிர்ந்து அதன்மேல் பனிக்கட்டி கட்டும். பனி கட்டினால் காற்று இன்னும் குறையும். அந்தப் பனி உருகும்போது தண்ணீர் சுவரில் வழியும். எந்திரம் கெட்டுவிட்டது என்று நினைத்து ஆளைக் கூப்பிடுவோம். பல நேரங்களில் குற்றவாளி அந்த வலைதான்.

மின்சாரமும் வீணாகும். அடைத்த வலையை எடுத்துவிட்டுச் சுத்தமான வலையைப் போட்டால், ஏ.சி.க்கு ஆகும் மின்சாரத்தில் 5 முதல் 15 சதவீதம் வரை மிச்சமாகலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை கணக்கிட்டிருக்கிறது.

செய்ய வேண்டியது எளிது. முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். முன்மூடியைத் திறந்து வலையை உருவுங்கள். தூசி படிந்த பக்கத்துக்குப் பின்புறத்திலிருந்து குழாய்த் தண்ணீரை விடுங்கள். முன்புறத்திலிருந்து விட்டால் தூசி கண்ணிகளுக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சிறிது சோப்புத் தண்ணீர் போதும். வெந்நீர் வேண்டாம். பிளாஸ்டிக் வலை கோணிவிடும். நிழலில் நன்றாக உலர்த்தி, ஈரம் போன பிறகு பொருத்துங்கள்.

தினமும் ஏ.சி. ஓடும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இதைச் செய்யுங்கள். வீட்டு வாசலில் மண் சாலையோ, கட்டிட வேலையோ இருந்தால் வாரம் ஒரு முறை. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே இருக்கும் பெட்டியைச் சுற்றிச் சாமான்களை அடுக்காதீர்கள். அதற்கும் காற்று வேண்டும். உள் தகடுகளைக் கழுவுவது, வாயு நிரப்புவது, மின்கம்பி வேலை ஆகியவற்றைத் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இந்த வலை பெரிய தூசியையும் பஞ்சையும்தான் பிடிக்கும். புகையைப் பிடிக்காது. ஆகவே ஏ.சி. அறையில் புகை பிடிப்பதும், கொசுவர்த்தி கொளுத்துவதும் கெடுதல்.

மற்ற சாமான்களுக்கும் இதே வைத்தியம்தான். துணி துவைக்கும் மிஷினில் நூல்பஞ்சு சேரும் பை இருக்கிறது. துவைத்து முடிந்ததும் அதைக் கவிழ்த்துக் கழுவுங்கள். பிரிட்ஜ் கதவைச் சுற்றியுள்ள ரப்பரை ஈரத்துணியால் துடையுங்கள். கதவில் ஒரு காகிதத்தை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். குளிர்ச்சி வெளியே ஓடிக்கொண்டிருக்கிறது. மாதம் ஒரு முறை மின்விசிறியின் இறக்கைகளைத் துடையுங்கள். எதைத் தொடுவதாக இருந்தாலும் முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும்.

இவை பெரிய வேலைகள் அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் போதும். வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருந்தால், மின்சாரத்தை நிறுத்திய பிறகு அவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். வலையை அவர்களே கழுவட்டும். தூசி எங்கே இருந்து வருகிறது, டம்ளர் ஏன் வியர்க்கிறது என்று அவர்கள் கேட்பார்கள். சொல்லிக் கொடுங்கள்.